எட்டுக்கால் பூச்சிக் கடி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மன்னார்குடி மருமகள்

ஐப்பசி மழை, கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரி. வராந்தா டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் சாயங்காலம் முழங்கை மடிப்பில் எரிச்சல். அதற்கடுத்த நாள் சூடு போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம். மாமியார் பார்த்ததுமே "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்திருக்கு" என்றார். மருந்துக்கடையிலும் அதையே சொல்லி ஒரு ட்யூப் கொடுத்தார்கள்.

தோல் டாக்டர் என் கையைப் பிடித்து முழங்கையை மெதுவாக மடக்கினார். மேல்கையில் ஒரு புண், கீழ்க்கையில் ஒரு புண். மடக்கியதும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. அந்த நிமிஷம்தான் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "கடித்திருந்தால் ஒரு பக்கம்தான் இருக்கும்மா. இது நசுங்கிய பூச்சியின் சாறு, மடிப்பில் இரண்டு பக்கமும் பட்டிருக்கிறது" என்றார். நெல் வயலில் திரியும், எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் பட்டை பட்டையாக இருக்குமே, அந்த வண்டு. விளக்கைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. மேலே ஊர்வதைத் தட்டி நசுக்கினால் அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலைப் பொசுக்கிவிடும். உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் பாதிப்பு குறையுமாம்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. மாமியார் இன்னும் சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தோடுதான் ஓடுகிறார். வண்டுகள் டியூப்லைட்டைச் சுற்றி நிம்மதியாக இருக்கின்றன.

கொங்குப் பேரன்

அக்கா, எல்லாப் பழியையும் வண்டு தலையில் போடாதீர்கள். எங்கள் அப்பத்தாவுக்குச் சிலந்திதான். கட்டிலை நகர்த்தினபோது அடியில் பெரிதாக ஒன்று ஓடியதை நானே பார்த்தேன். முதுகிலிருந்து விலாவைச் சுற்றி மார்பு வரை வரிசையாகக் கொப்புளம், வலது பக்கம் மட்டும். சேலைத் தலைப்பு பட்டால்கூட அலறுவார். கடைசியில் விசிறியைக்கூட அணைக்கச் சொல்லிவிட்டார், காற்றுப் பட்டாலே எரிகிறது என்று. பக்கத்து ஊர்க் குயவர் வந்து காவி குழைத்து எழுதிவிட்டுப் போனார். புண் ஆறிவிட்டது, வலி மட்டும் மாதக்கணக்கில் போகவில்லை. சிலந்தி விஷம் அவ்வளவு நாள் உடம்பில் நிற்குமா? யாராவது சொல்லுங்கள்.

மதுரை நர்ஸ்

தம்பி, கட்டிலுக்கு அடியில் ஓடியது சிலந்தியாகவே இருக்கட்டும். அப்பத்தாவுக்கு வந்தது அக்கி. குயவரே வந்து அக்கி எழுதியிருக்கிறார், அப்புறமும் சிலந்தி என்கிறீர்களே! சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, வயதான பிறகு கிளம்புகிறது. அதனால்தான் நடு முதுகைத் தாண்டாமல் ஒரே பக்கம் பட்டையாக வரும். சிலந்திக்கு வலது இடது தெரியாது. வார்டில் நான் பார்க்கும் "சிலந்திக் கடி"யில் முக்கால்வாசி இந்த ரகம், இல்லாவிட்டால் சீழ்க்கட்டி. சிலந்தியை யாருமே கையோடு கொண்டு வந்ததில்லை. காவி எழுதட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பிப்பதுதான் நல்லது. மற்ற வீடுகளிலாவது சொல்லி வையுங்கள்.

சிட்னி சித்தி

உண்மையான சிலந்திக் கடி ஒன்று வேண்டுமா? இங்கே ரெட்பேக், முதுகில் சிவப்புப் பட்டை உள்ள விஷச் சிலந்தி. தோட்டத்துப் பிளாஸ்டிக் நாற்காலியை விளிம்பில் பிடித்துத் தூக்கினேன், விரலில் சுருக். புண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. ஆனால் வலி ஒரு மணி நேரத்தில் ஏறிக்கொண்டே வந்து அக்குளில் நின்றது. அப்போது பார்க்கிறேன், அந்தப் புள்ளியைச் சுற்றி மட்டும் முத்து முத்தாக வியர்வை. உடம்பின் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. துடைக்கத் துடைக்க அதே இடத்தில் ஊறுகிறது. இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

வீட்டுக்காரர் பதறிப்போய் விரல் முதல் தோள் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டார். 13 11 26, அதாவது விஷத் தகவல் மையத்துக்கு ஃபோன் செய்தால், முதலில் அதை அவிழுங்கள் என்றார்கள். இறுக்கிச் சுற்றுவது ஃபனல்-வெப் என்ற கொடிய விஷச் சிலந்தியின் கடிக்கு. ரெட்பேக் விஷம் மெதுவாகப் பரவும், கட்டினால் வலிதான் கூடும், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள் என்றார்கள். ஃபனல்-வெப் என்றால் கட்டுப் போட்டு, அசையாமல், ஆம்புலன்சில். அதற்கு 1981இல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு யாரும் சாகவில்லை.

வன்னிப் பெடியன்

எங்கட பக்கம் புலிமுகச் சிலந்தி. தெரியாதவர்களுக்கு: உள்ளங்கையை விட அகலம், கால்களின் அடியில் மஞ்சள் பட்டை, பழைய மரப் பொந்துகளில் இருக்கும், மரம் குறையக் குறைய வீடுகளுக்குள்ளும் வரும். மாங்குளம் பக்கத்தில் கண்டதைப் புது இனம் என்று 2012இல் அறிவித்தார்கள், பேப்பரிலும் வந்தது.

மாமா விறகு எடுக்கப் போய்க் கையில் கடி வாங்கினார். பகல் முழுக்க வீக்கமும் நோவும்தான். இரவு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறார், கெண்டைக்கால் தசை தன்பாட்டில் துடிக்கத் தொடங்கியது. கடித்தது கையில்! தோலுக்குக் கீழே எலி ஓடுவது போல நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பிறகு பிடிப்பு முதுகுக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் நோவுக்கும் தசைப் பிடிப்புக்கும் மருந்து தந்து, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். பிடிப்பு விட்டுவிட்டு வந்து ஒருவழியாக நின்றது. மாமா அந்தச் சிலந்தியைக் கொல்ல விடவில்லை, அது வேறு கதை.

பெருங்குடி மூன்றாவது மாடி

எனக்குக் கடி அனுபவம் இல்லை. பாத்ரூம் சுவரில் கையளவு பழுப்புச் சிலந்தி ஒன்று வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டமாக எதையோ அணைத்துக்கொண்டு நின்றது. முட்டைப் பையாம். கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும் வகை. அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்குள் வராமல் தடுப்பது பற்றி யாரும் பேசவில்லையே. சிலந்தியைத் துரத்துவதை விட, அது தின்னும் பூச்சியைக் குறையுங்கள். வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் பல்பு போடுங்கள், பூச்சி குறைவாக வரும். மன்னார்குடி அக்காவின் வண்டுக்கும் இதுவே. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு பிரஷ் பட்டை, ஜன்னலுக்குக் கொசுவலை, ஏசி குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில் சிமெண்டோ சிலிகானோ. பாத்ரூம் தண்ணீர்ப் போக்கிக்கு ஜாலி மூடி. அட்டைப் பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், பரணில் பழைய பேப்பர் வேண்டாம். ஒட்டடையை மட்டும் அடித்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் அதே மூலையில் புது வலை இருக்கும். முட்டைப் பையையும் சேர்த்து எடுக்க வேண்டும், வேக்குவம் இருந்தால் வசதி. வெளியே கிடக்கும் ஷூ, ஹெல்மெட், தோட்டக் கையுறை எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போடுங்கள். ப்ளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். புதினா எண்ணெய் வாசனை நன்றாக இருக்கும், அதைத் தவிர நான் ஒன்றும் காணவில்லை. பாச்சா உருண்டையை மூலைக்கு மூலை போடுகிறவர்களுக்கு...

மதுரை நர்ஸ்

பாச்சா உருண்டை கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது. ஜி6பிடி (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாடையிலேயே ரத்த அணுக்கள் உடையும். இதைத்தானே சொல்ல வந்தீர்கள் அண்ணா? கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

மெல்போர்ன் மாமா

சிட்னி சித்தி ரெட்பேக்கோடு நிறுத்திவிட்டார். வெள்ளை வால் சிலந்தியை மறந்துவிட்டாரே? அது கடித்தால் சதை அழுகும். என் கூட வேலை செய்கிறவர் காலில் ஒரு ரூபாய் அளவுக்குக் குழி விழுந்ததை நான் நேரில் பார்த்தேன்.

சிட்னி சித்தி

மாமா, குழியைப் பார்த்தீர்கள். சிலந்தி கடித்ததைப் பார்த்தீர்களா? சிலந்தியைப் பிடித்து அடையாளம் கண்ட 130 வெள்ளை வால் கடிகளை ஆராய்ந்து 2003இல் எழுதியிருக்கிறார்கள். வலி, தடிப்பு, அரிப்பு எல்லாம் உண்டு. ஒருவருக்குக்கூடச் சதை அழுகவில்லை. உங்கள் நண்பருக்கு அந்தக் குழி இன்னும் ஆறாமல் இருந்தால் ஸ்வாப் எடுத்துக் கிருமி பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.