புயல் முகாமை நடத்தியது அக்காமார், நிவாரணப் பட்டியல் மட்டும் தலைவர் கையில்: என்ன செய்யலாம்?

பசறைப்பக்கம்:
எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் 2025 நவம்பர் டித்வா புயலில் மேட்டு லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டது, எல்லாரையும் பாடசாலையில் கொண்டுபோய் வைத்தார்கள். சமையல், பால்மா பங்கு, கர்ப்பிணிகளுக்குத் தனி வகுப்பறை, ராத்திரி மலசலகூடத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு டோர்ச்சோடு துணை, இதெல்லாம் பார்த்தது கொழுந்தெடுக்கிற அக்காமார்தான், யாரும் அவர்களை நியமிக்கவில்லை. ஆனால் நிவாரணப் பட்டியல் எழுதும்போது கிராம சேவகர் தோட்டத் தலைவரைக் கூப்பிட்டார், தலைவர் ஆம்பிளைகளைக் கூப்பிட்டார். புருசன் இல்லாதவர்களும், மகன் கொழும்பில் வேலை செய்ய பேரப்பிள்ளையோடு இருக்கும் கிழவிகளும் சண்டை போட்டுத்தான் பெயரைச் சேர்த்தார்கள். இப்போது அடுத்த மழைக்கு முன்னால் ஒரு குழு தொடங்கலாம் என்கிறார்கள். மாதர் சங்கமாகப் பதிந்தால் போதுமா? தலைவர்மாரோடு முறைத்துக்கொள்ளாமல் எப்படித் தொடங்குவது?

அப்புத்தளை அக்கா:
பதிவு அப்புறம் தங்கச்சி, முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். லயம் லயமாக, காம்பரா காம்பராவாக யார் இருக்கிறார்கள், யார் படுக்கையில், யாருக்கு என்ன மருந்து, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் நம்பர், எல்லாம் எழுதுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரதியைத் தலைவருக்கும் கொடுத்துவிட்டால் முறைப்பு பாதி குறையும். அடுத்த முறை அவசரத்தில் பட்டியல் கேட்கும்போது உங்களிடம்தான் வருவார்கள், வேறு யாரிடமும் அது இருக்காது.

அப்புறம் மழை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் கவனம், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் (அல்லது ஒரே மணி நேரத்தில் 75) உடனே வெளியேற வேண்டும், அதுதான் சிவப்பு எச்சரிக்கை. அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் பொதுவாகத்தான் வரும், உங்கள் மலையில் எவ்வளவு பெய்தது என்று நீங்கள்தான் அளக்க வேண்டும். அடி முதல் வாய் வரை ஒரே அகலமான போத்தலும் அடிமட்டமும் போதும். புதிதாக ஊற்று கிளம்புவது, ஊற்று கலங்கி வருவது, மரம் சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, இந்த மண்சரிவு அறிகுறியெல்லாம் தினமும் கொழுந்து நிரை பிடித்து மலை ஏறுகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

லயத்துப்பிள்ளை:
சொல்வது சரி அக்கா, ஆனால் எச்சரிக்கை தெரிந்தால் மட்டும் போதுமா? கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. போக வேறு காணி இல்லாத சனம் எங்கே போகும்? மழைக்குப் பயந்து வேலைக்குப் போகாத நாளுக்குப் பேரும் (நாள் சம்பளம்) விழாது. பெண்கள் எதையும் தாங்குவார்கள் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு சம்பளமில்லாத இன்னொரு வேலையை அவர்கள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. குழு தொடங்கினால் காணி உறுதியையும் சேர்த்துக் கேட்கட்டும், அதுவும் மனைவி பெயரும் சேர்த்து.

மழைமானி:
மேலே சொன்ன கோபம் நியாயம். அதனால்தான் பொறுப்பு எழுத்தில் கிடைக்க வேண்டும் என்கிறேன். மகாராஷ்டிராவில் 1993 லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு வீடு திருத்தும் அரசுத் திட்டத்தில், சுவயம் சிக்ஷண் பிரயோக் என்ற அமைப்பு ஊர்ப் பெண்களை அரசுக்கும் சனத்துக்கும் நடுவே தகவல் சொல்லும் ஆட்களாக இறக்கியது. அவர்களுக்கு அது ஒரு பொறுப்பாக, பெயரோடு கிடைத்தது. பிறகு 2001 குஜராத் பூகம்பம், 2004 சுனாமியில் தமிழ்நாடு என்று அந்த அனுபவம் போனது. இங்கே கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழு உண்டு, அதற்குள் முன்னெச்சரிக்கை, முதலுதவி, முகாம் என்று உபகுழுக்கள் இருக்கும். முன்னெச்சரிக்கையிலும் முகாமிலும் எங்கள் ஆட்களைப் போடுங்கள் என்று பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். சமையலுக்கு மட்டும் பெயர் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பசறைப்பக்கம்:
நன்றி அக்கா, எல்லாருக்கும்தான். கொப்பியை சம்பள நாளுக்கு அடுத்த நாள் தொடங்குகிறோம், அன்றைக்குத்தான் எல்லாரும் லயத்தில் இருப்பார்கள். ஒரு சிக்கல், வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கை முக்கால்வாசி சிங்களத்தில். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஓ.எல். (சாதாரண தர) வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்திருக்கிறோம், கோயில் ஸ்பீக்கரில் தமிழில் சொல்ல.

லயத்துப்பிள்ளை:
நல்லது. கடிதத்தின் பிரதி தோட்ட முகாமையாளரான துரைக்கும் போகட்டும், சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலைக்கு வராதவர்களுக்கும் பேர் போட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.