லூபஸும் வம்சாவளியும்: உங்கள் சிகிச்சையில் மரபணு குறுக்கிட்டதுண்டா?

இழையைத் தொடங்கியவர்

எனக்கு லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய்) இருக்கிறது. என்னுடன் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரிக்கு இல்லை. மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் எனக்கு மட்டும் ஏன் வந்தது என்று மருத்துவரிடம் கேட்டேன். இத்தகைய இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவதற்கான வாய்ப்பு, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், ஏறத்தாழ கால் பங்கிலிருந்து பாதி வரைதான் என்றும், புற ஊதாக் கதிர், ஹார்மோன், சில வைரஸ் தொற்றுகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு என்றும் அவர் விளக்கினார். ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரிடம் இந்நோய் ஐரோப்பியரைவிட அதிகம் காணப்படுகிறது, சிறுநீரகத்தையும் கூடுதலாகத் தாக்குகிறது என்று சொன்னபோது, அந்த வேறுபாடு சிகிச்சையையும் மாற்றுமா என்ற கேள்வி எழுந்தது. எனக்கு அசதயோப்ரின் என்னும் நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தைத் தொடங்குவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

சிறுநீரகச் சிகிச்சையில் இருப்பவர்

சகோதரி, உங்கள் கேள்விக்கு என் உடலே பதில் சொல்லியிருக்கிறது. அசதயோப்ரின் தொடங்கிய சில வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வெள்ளையணுக்கள் அபாயகரமாகக் குறைந்திருந்தன. லூபஸும் முடியை உதிர்க்கும், வெள்ளையணுக்களைக் குறைக்கும் என்பதால், நோய் முற்றியதாகக் கருதி மருந்தைக் கூட்டலாமா என்றுகூட யோசித்தார்கள். மருந்துக்கு முன்பே, இந்த மருந்தை உடல் கையாள உதவும் டி.பி.எம்.டி. என்னும் மரபணுவைப் பரிசோதனை செய்து, இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்திருந்தது. ஐரோப்பியரிடம் இந்த மருந்தின் நச்சு விளைவைப் பெருமளவு விளக்குவது அந்த மரபணுதான். ஆசியரிடமோ என்.யு.டி.டி.15 என்னும் வேறொரு மரபணுவின் மாறுபாடே முக்கியம். அது 2014இல்தான் கண்டறியப்பட்டது. எனக்கு, தாய் தந்தையிடமிருந்து ஒவ்வொன்றாக வரும் அதன் இரு பிரதிகளிலும் மாறுபாடு இருந்தது. மருந்தை நிறுத்திய பிறகே தேறினேன். ஒரு வம்சாவளியினரை வைத்து வகுத்த பரிசோதனையை எல்லாருக்கும் போதும் என்று விடுவதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மரபியல் ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

உங்கள் கோபம் நியாயமானது. லூபஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும் இடர் மரபணுக்களிலும் இதே நிலைதான். ஐ.ஆர்.எஃப்.5, ஸ்டாட்4 போன்றவை பல மக்களிடமும் தொடர்பு காட்டுகின்றன. ஐரோப்பியரிடம் பரவலான பி.டி.பி.என்.22 மாறுபாடோ கிழக்காசியரிடம் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஐரோப்பியத் தரவிலிருந்து கணக்கிட்ட, நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் இடர் மதிப்பெண் பிறரிடம் வலுவிழக்கிறது.

ரத்த மாதிரி கொடுக்க வந்த ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர், "எங்கள் ரத்தத்தில்தான் குறையா?" என்று கேட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலான, ஏ.பி.ஓ.எல்.1 என்னும் மரபணுவின் மாறுபாடுகள் உறக்க நோய்க் கிருமியிடமிருந்து காத்ததால் நிலைபெற்றவை என்றும், இரு பிரதிகளிலும் அவை அமைந்தவர்களுக்கு லூபஸ் வந்தால் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றும் சொன்னேன். முன்னோரைக் காத்த மரபைக் குறை என்று எப்படிச் சொல்வது? வறுமையும் தாமதமான சிகிச்சையும் விளைவிப்பதை மரபணுவின் மேல் சுமத்துவதும் தவறு.

படிவத்தில் எழுதும் இனப்பெயர் பரிசோதனைக்கு ஈடாகாது. ஒரே வம்சாவளிக்குள்ளும் மாறுபாடு உள்ளவரும் இல்லாதவரும் உண்டு.

இழையைத் தொடங்கியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மருந்து தொடங்கும் முன் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 ஆகிய இரு மரபணுக்களையும் பரிசோதிக்குமாறு கேட்கப்போகிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.