டிபு மார்ட்டினெஸ் பாணி பெனால்டி ஷூட்அவுட்: இன்றைய விதியில் எது செல்லும், கீப்பர்களுக்கு எதைச் சொல்லித் தருவது?

கடைசிக்கம்பம் கேட்டது:

2022 உலகக் கோப்பைக்குப் பிறகு இளம் கோல்கீப்பர்கள் பலர் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ 'டிபு' மார்ட்டினெஸ் செய்ததை அப்படியே செய்து பார்க்கிறார்கள். உதைக்க வருபவரிடம் போய்ப் பேசுகிறார்கள், பந்தை எடுத்துத் தள்ளி எறிகிறார்கள், கிராஸ்பாரில் தொங்குகிறார்கள். மஞ்சள் அட்டைதான் வருகிறது, பந்து வலைக்குள் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும். கத்தாரின் லுசைலில் நடந்த அந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் செய்ததில் எதெல்லாம் இப்போது தடை? அந்தப் பேச்சையும் சேட்டையையும் ஒதுக்கிவிட்டால் கால், கை அளவில் 17 வயதுக்குட்பட்ட ஒரு கீப்பர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஷூட்அவுட்டில் அர்ஜென்டினாவுக்கு இருக்கும் இந்தப் பெயர் இவரால் வந்ததா, முன்பே இருந்ததா?

விசில்_சத்தம் பதில்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அதற்கு முன் 2022 டிசம்பர் 18 அன்று நடந்ததை வரிசையாகப் பார்த்துவிடுவோம். பலர் கடைசி நடனத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸுடனான ஆட்டம் 3-3 என்று முடிந்து ஷூட்அவுட். எம்பாப்பே முதலில் உதைத்தார். மார்ட்டினெஸின் கை பட்டும் பந்து உள்ளே போனது. மெஸ்ஸி சமன் செய்தார். அடுத்து கொமான் வந்ததும், பந்து புள்ளியில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி நடுவர் மார்சினியாக்கிடம் மார்ட்டினெஸ் முறையிட்டார். கொமான் காத்து நின்றார், உதைத்தார், தடுக்கப்பட்டது. டிபாலா நடுவில் அடித்து 2-1 ஆக்கினார். சூவாமெனி வரும்போது மார்ட்டினெஸ் பந்தைக் கையில் வைத்திருந்து, ஒதுக்குப்புறமாக எறிந்தார். மைய வட்டத்தின் விளிம்பிலிருந்து பெனால்டி புள்ளிக்குச் சுமார் 32 மீட்டர் நடை. அதை நடந்து வந்தவர், இன்னும் தள்ளிப் போய்ப் பந்தை எடுத்து வர வேண்டியதாயிற்று. அவர் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கோலோ முவானியின் முறை வந்தபோதுதான் மஞ்சள் அட்டை எழுந்தது. அதற்குள் செய்ய வேண்டிய சேதாரம் செய்தாகிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சூவாமெனி தவறவிட்டதும் அடுத்து உதைக்க வேண்டிய பரேடெஸிடம் பந்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார் மார்ட்டினெஸ். பந்து பிரான்ஸ் கீப்பர் லோரிஸ் கைக்குப் போயிருந்தால் அவரும் அதே வேலையைத் திருப்பிச் செய்திருக்கலாம். என் பார்வையில் அன்றைய செயல்களிலேயே மிகப் புத்திசாலித்தனமானது இதுதான். இது இன்றைக்கும் விதிமீறல் இல்லை.

இப்போது விதி. கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2023 மார்ச்சில் ஒப்புதல் தந்து, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 14-வது விதியில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. உதைப்பவரின் கவனத்தை நியாயமற்ற முறையில் கீப்பர் சிதறடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். உதாரணமாக அது குறிப்பிடுவது உதையைத் தாமதப்படுத்துவதையும், கம்பம், கிராஸ்பார், வலை இவற்றைத் தொடுவதையும். ஆகவே பந்தை எறிவது, ஒவ்வொரு உதைக்கும் முன்னால் நடுவரிடம் போய் நிற்பது, பாரை ஆட்டுவது எல்லாமே இன்று நேரடியாக அதில் அடங்கும்.

மிச்சம் இருப்பது என்ன? கோல் லைனில் பக்கவாட்டில் நகரலாம். கையை விரிக்கலாம், குதிக்கலாம். உதைப்பவரைப் பார்த்து நிற்க வேண்டும், இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உதைக்கும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டைத் தொட்டோ, கோட்டுக்கு நேர் மேலேயோ, பின்னாலேயோ இருக்க வேண்டும். இரண்டு காலும் கோட்டை விட்டு முன்னால் வந்த நிலையில் பந்தைத் தடுத்தால் உதை மீண்டும் எடுக்கப்படும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். முன்னால் வந்தும் பந்து வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, கீப்பரின் செயல் உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் மட்டுமே மறுபடி உதை.

பேச்சு தனி விஷயம். பேசுவதையே தடுக்கும் வரி எதுவும் இல்லை. ஆனால் இழிவான சொல் நேராகச் சிவப்பு அட்டைக்குரியது. தாமதமோ கவனச்சிதறலோ ஆனால் மஞ்சள். மற்றது நடுவரின் முடிவு. இளையோர் ஆட்டங்களில் நடுவர்கள் இதில் கடுமையாகவே இருப்பார்கள், அது சரியும்கூட.

இடதுகைவீச்சு பதில்:

டெக்னிக் பற்றி நான் எழுதுகிறேன். இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஏனென்றால் விதி எவ்வளவு இறுகினாலும் மார்ட்டினெஸ் பந்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறார். 2024 ஏப்ரலில் பிரான்ஸின் லீல் அணியுடன் அவருடைய கிளப் ஆஸ்டன் வில்லா ஆடிய ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் காலிறுதியில் பென்தலேப், பெஞ்சமின் ஆந்த்ரே இருவரின் உதைகளைத் தடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் ஹூஸ்டனில் எக்வடாருக்கு எதிரான கோபா அமெரிக்கா (தென் அமெரிக்கக் கோப்பை) காலிறுதியில், மெஸ்ஸியின் முதல் உதை பாரில் பட்டுப் போன பிறகு மேனா, மிண்டா இருவரையும் அடுத்தடுத்துத் தடுத்தார். இரண்டுமே புதிய விதி வந்த பிறகு நடந்தவை.

முதலில் கணக்கு. புள்ளியிலிருந்து கோட்டுக்கு 11 மீட்டர். கோலின் அகலம் 7.32, உயரம் 2.44. நடுவிலிருந்து ஒரு கம்பத்துக்கு 3.66 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அடிக்கம்பத்தை அடைய 0.46 விநாடி ஆகும். பந்து கிளம்பிய பிறகு பார்த்து, முடிவெடுத்து, பாய்ந்து மூலையைத் தொட அந்த நேரம் போதாது. அதற்காக ரன்-அப் தொடங்கும்போதே விழுந்துவிட்டால், பார்த்து உதைப்பவன் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவான். லுசைலில் மெஸ்ஸி லோரிஸுக்குச் செய்தது அதைத்தான். லோரிஸ் அசைந்தபின் பந்தை மறுபக்கம் மெதுவாக உருட்டினார். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில்தான் கீப்பரின் வேலை முழுவதும் நடக்கிறது.

அந்த இடைவெளி தொடங்குவது உதைப்பவரின் ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் தரையைத் தொடும்போது. அதற்குப் பிறகு உதையின் திசையை மாற்றுவது அவருக்குப் பெரும்பாலும் முடியாது. அதுவரை எடை இரண்டு காலிலும் சமமாக, முட்டி லேசாக மடங்கி, குதிகால் தரையை விட்டு எழுந்து நிற்க வேண்டும். கால் ஊன்றியதும் பாயும் பக்கத்துக் காலை முன்பக்கச் சாய்வாக எடுத்து வைக்க வேண்டும். அடுத்த கால் கோட்டிலேயே இருக்கும். விதி கேட்பதும் அதைத்தான். முன்சாய்வாகப் பாய்ந்தால் பந்தின் கோணம் குறுகுகிறது, அதே கைநீளம் அதிக இடத்தை மூடுகிறது.

இளம் கீப்பர்களிடம் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்:

முதலாவது, பாய்வதற்கு முன் ஒரு கால் பின்னால் போவது. வலிமை எடுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் அதிலேயே நேரம் போய்விடும். உடல் கோட்டுக்கு இணையாகவோ பின்னாலோ விழும், கை பட்ட பந்தும் உள்ளே போகும்.

அடுத்தது கோட்டுக் காலைச் சீக்கிரம் எடுப்பது. வெறுங்கண்ணுக்கு இது தெரியாது. கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் ஒரு செல்போனைத் தரையோடு வைத்து, விநாடிக்கு 120 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். உதைப்பவரின் பாதம் பந்தைத் தொடும் ஃப்ரேமில் நிறுத்திப் பார்த்தால் பின்கால் எங்கே இருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். பசங்களுக்குச் சொல்லி விளங்காதது அந்த ஒரு படத்தில் விளங்கும்.

மூன்றாவது கை. தாழ்வான பந்துக்கு மேல்கை போகக் கூடாது, தரைப்பக்கக் கை முதலில் போக வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் கை பட்டும் பயன் இல்லை. உள்ளங்கை பந்தை வெளிப்பக்கம் தள்ளும் கோணத்தில் இருக்க வேண்டும்.

பயிற்சியை ஐந்து ஐந்து உதையாகப் பிரியுங்கள், மூன்று செட் போதும். ஒவ்வொரு உதைக்கும் நடுவே 40 விநாடி இடைவெளி விடுங்கள், ஷூட்அவுட்டில் அப்படித்தான் காத்திருக்க நேரும். தொடர்ந்து முப்பது நாற்பது பாய்ச்சல் எடுத்தால் இடுப்பும் தோளும் களைத்து, தப்பான பாய்ச்சல்தான் பழகிப்போகும்.

ஒன்று மட்டும் கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த இறுதி ஆட்டத்தின் மிகப் பெரிய தடுப்பு ஷூட்அவுட்டில் நடக்கவில்லை. 120+3-வது நிமிடத்தில் கோலோ முவானி தனியாக வந்தபோது, மார்ட்டினெஸ் முன்னேறி வந்து கைகளை விரித்து, உடலை நிமிர்த்தியபடியே இடது காலை நீட்டித் தடுத்தார். 1.95 மீட்டர் ஆள் விழாமல் விரிந்து நின்றால் உதைப்பவருக்குத் தெரியும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். அது கால் தட்டுப்பட்டு வந்த அதிர்ஷ்டம் இல்லை, ஹாண்ட்பால் கீப்பர்கள் செய்வதைப் போல் பயிற்சி எடுத்து வரும் தடுப்பு. பெனால்டியை விட ஆட்டத்தில் அதிகம் பயன்படுவது இதுதான், கூடவே சொல்லிக்கொடுங்கள்.

பழையஸ்கோர்ஷீட் பதில்:

மூன்றாவது கேள்விக்கு. அர்ஜென்டினாவுக்கு அந்தப் பெயர் மார்ட்டினெஸுக்கு முன்பே இருந்தது. உலகக் கோப்பையில் 2022 வரை அர்ஜென்டினா ஆடிய ஷூட்அவுட் ஏழு, வென்றது ஆறு.

1990-இல் முதல் கீப்பர் பும்பிதோவின் கால் சோவியத் அணியுடனான ஆட்டத்தில் முறிந்ததால் இறங்கியவர் செர்ஹியோ கோய்கோச்சியா. யுகோஸ்லாவியாவுடன் காலிறுதியில் மரடோனாவின் உதையே தடுக்கப்பட்டது. அப்போதும் பிர்னோவிச், ஹட்ஸிபெகிச் இருவரையும் இவர் தடுத்து 3-2 என்று அணியைக் கரை சேர்த்தார். அரையிறுதியில் நேப்பிள்ஸில், இத்தாலியின் சொந்த மண்ணிலேயே, டொனடோனியையும் செரேனாவையும் தடுத்தார். 1998-இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கார்லோஸ் ரோவா இன்ஸ், டேவிட் பாட்டி இருவரையும், 2014-இல் நெதர்லாந்துக்கு எதிராக செர்ஹியோ ரொமேரோ வ்லார், ஸ்னெய்டர் இருவரையும் தடுத்தார்கள். 2022 காலிறுதியில் அதே நெதர்லாந்துக்கு எதிராக மார்ட்டினெஸ் முதல் இரண்டு உதைகளையும், வான் டைக், பெர்க்ஹவுஸ், தடுத்தார்.

தோற்ற அந்த ஒன்றிலும் பாடம் இருக்கிறது. 2006 பெர்லினில் அர்ஜென்டினாவின் முதல் கீப்பர் அபொன்டான்சியேரி காயப்பட்டு வெளியேறியிருந்தார். எதிரில் ஜெர்மனியின் கீப்பர் லேமான், காலுறைக்குள் ஒரு ஹோட்டல் தாள். கீப்பர் பயிற்சியாளர் கோப்கே எழுதிக் கொடுத்த குறிப்பு அது. அயாலாவின் உதையைத் தடுத்தார். கம்பியாசோவின் பெயர் அந்தத் தாளிலேயே இல்லை. இருந்தாலும் லேமான் அதை எடுத்து நிதானமாகப் படித்து மடித்து வைத்தார், அதையும் தடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பந்தைத் தொடவில்லை. இன்றைய விதியில் நேரத்தை இழுக்காமல் இதைச் செய்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

கோபா அமெரிக்காவில் கதை வேறு. 2015, 2016 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் கோல் இல்லாமல் போய், இரண்டிலும் ஷூட்அவுட்டில் சிலியிடம் தோற்றார்கள். அந்தக் காயம் ஆறத் தொடங்கியது 2021 ஜூலையில் பிரசீலியாவில், கொலம்பியாவுக்கு எதிராக. டாவின்சன் சான்செஸ், யெரி மினா, கார்டோனா என்று மூன்று பேரை மார்ட்டினெஸ் தடுத்தார். கொரோனா காலம் என்பதால் ரசிகர்கள் இல்லாத மைதானம், அதனால்தான் மினாவிடம் அவர் பேசியது தொலைக்காட்சியில் அத்தனை தெளிவாகக் கேட்டது. இந்தப் பேச்சுப் பாணி உலகத்துக்கே தெரியவந்தது அன்றைக்குத்தான்.

எல்லை தாண்டினால் விலை உண்டு என்பதையும் பசங்களுக்குச் சொல்லுங்கள். 2024-இல் கோப்பையை வைத்துச் செய்த ஆபாச சைகைக்கும், கொலம்பியா ஆட்டம் முடிந்ததும் கேமராவைத் தட்டிவிட்டதற்கும் ஃபிஃபா அவருக்கு இரண்டு ஆட்டத் தடை விதித்தது. வெனிசுவேலா, பொலிவியா ஆட்டங்களில் அவர் இல்லை.

கடைசிக்கம்பம்:

மூவருக்கும் நன்றி அண்ணே. ஒரு சந்தேகம் மட்டும். ஆட்டத்தில் ஏற்கெனவே மஞ்சள் வாங்கிய கீப்பர் ஷூட்அவுட்டில் இன்னொன்று வாங்கினால் வெளியேற வேண்டுமா? லீல் ஆட்டத்தில் மார்ட்டினெஸ் இரண்டு வாங்கியும் நின்றாரே.

விசில்_சத்தம் பதில்:

வெளியேற வேண்டாம். ஆட்ட நேரத்தில் வாங்கிய எச்சரிக்கையும் மஞ்சளும் ஷூட்அவுட்டுக்குள் தொடர்வதில்லை என்று 10-வது விதியில் இருக்கிறது. லீலில் ஒன்று ஆட்டத்தில் நேரம் கடத்தியதற்கு, மற்றொன்று ஷூட்அவுட்டில். அதனால்தான் நின்றார். ஷூட்அவுட்டுக்குள்ளேயே இரண்டு வாங்கினால் சிவப்பு.

உதைப்பவர்களுக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் ரியல் மாட்ரிடுக்கு எதிரான ஷூட்அவுட்டில், அட்லெடிகோ மாட்ரிடுக்காக ஆடிய அர்ஜென்டினாவின் ஹூலியன் ஆல்வரெஸ் வழுக்கியபடி உதைக்க, பந்து அவருடைய ஊன்றிய காலிலும் பட்டதால் கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த விளக்கப்படி, தற்செயலாக இரண்டு காலும் பட்டுக் கோல் ஆனால் உதை மீண்டும் எடுக்கப்படும். கோல் ஆகாவிட்டால் தவறிய உதைதான்.

கீப்பர் சிவப்பு வாங்கிப் போனால் பெஞ்சில் இருக்கும் மாற்று கீப்பரை இறக்க முடியாது, உதைக்கத் தகுதியுள்ள களவீரர் ஒருவர்தான் கோலில் நிற்க வேண்டும். காயத்தால் தொடர முடியாமல் போனால் மட்டும், மாற்று வாய்ப்பு மிச்சம் இருந்தால், மாற்று கீப்பர் வரலாம். ஆகவே யார் நிற்பது என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு களவீரரைத் தீர்மானித்து, அவர் கைக்குப் பொருந்தும் கையுறையும் எண் இல்லாத ஒரு கீப்பர் சட்டையும் பெஞ்சில் வைத்துவிடுங்கள்.