அன்வவுண்டின் 'ரிப்பிட்டிஷன்' ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது?

செவிச்செல்வம் எழுதியது:

அன்வவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழு எனக்கு அறிமுகமானது, பலருக்கும் நேர்ந்ததைப் போலவே, 2001இல் வெளிவந்த 'லீவ்ஸ் டர்ன் இன்சைடு யூ' என்ற இரட்டை இசைத்தட்டின் வழியாகத்தான். அண்மையில் அவர்களுடைய பழைய தட்டுகளைத் தேடிப் போனபோது, 1996ஆம் ஆண்டின் 'ரிப்பிட்டிஷன்' கையில் கிடைத்தது. மூன்று வாரங்களாக வேறு எதையும் கேட்க மனம் வரவில்லை. அமெரிக்க நாய்ஸ் ராக் (இரைச்சலையே இசையாக்கும் ராக் வகை) என்று பேச்செடுத்தால் பிக் பிளாக், ஜீசஸ் லிசர்ட் ஆகிய குழுக்களின் பெயர்கள் உடனே வந்துவிடுகின்றன. இந்தத் தட்டை ஒருவரும் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. இரைச்சலை எதிர்பார்த்து உட்கார்ந்தால், கிட்டார் பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறது. பாட்டை இழுத்துச் செல்வது, தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு கம்பி பேஸ் கிட்டாராக இருக்கிறது. என் காது சரியாகத்தான் கேட்கிறதா?

பழந்தட்டு எழுதியது:

சரியாகத்தான் கேட்கிறீர்கள். முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியாவை ஒட்டிய டம்வாட்டரில் பள்ளி நாட்களிலேயே ஜஸ்டின் டிராஸ்பரும் (கிட்டார், குரல்) வெர்ன் ரம்சியும் (பேஸ்) சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். 1992இல் சாரா லண்ட் டிரம்ஸுக்கு வந்தபின் குழுவின் உருவம் நிலைபெற்றது. அதே மாநிலத்து ராக் குழுவான நிர்வாணாவின் வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் அந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டுத் தேடிய காலத்திலும், ஸ்லிம் மூன் ஒலிம்பியாவில் தொடங்கிய கில் ராக் ஸ்டார்ஸ் என்ற சிறு நிறுவனத்தை விட்டு இவர்கள் நகரவில்லை. அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் விளம்பரமும் பெரிய கடைகளும் அதனால் எட்டாமல் போயின என்பதும் உண்மை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். 1993 முதல் 1996 வரை ஆண்டுக்கொரு தட்டு வெளியிட்டார்கள். நான்காவதாக வந்ததால், 'இந்த ஆண்டுக்கானது' என்ற அளவிலேயே இது வரவேற்கப்பட்டிருக்க வேண்டும். பின்னர் 2001இன் இரட்டைத் தட்டு வந்து, முன்னால் இருந்தவை அனைத்தையும் அதற்கான ஒத்திகையாக மாற்றிவிட்டது. பழைய தட்டுகளை மறுவெளியீடு செய்யும் நியூமரோ குழுமம் 2014இல் மறுவெளியீடு செய்தபோதும் இது தனித்து வரவில்லை. 1995இன் 'தி ஃபியூச்சர் ஆஃப் வாட்' தட்டுடன் 'நோ எனர்ஜி' என்ற பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

நாலுகம்பி எழுதியது:

நான் பேஸ் வாசிப்பவன். எனவே இரண்டாவது கேள்வியை விட மனமில்லை.

'கார்ப்ஸ் போஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (நாம் சவாசனம் என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள்.) ரம்சியின் பேஸ் வரியைத் தனியாக முணுமுணுத்துப் பாருங்கள், அதுவே பாட்டின் மெட்டாக நிற்பது தெரியும். ஒரு மாலை முழுவதும் அதை வாசித்துப் பழகினேன். சுரங்கள் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டன. வராதது அழுத்தம்: ஒவ்வொரு தடவையும் அதே விசையில், அவசரப்படாமல், சாரா லண்டின் டிரம்ஸுக்கு இம்மியும் முந்தாமல் அடிக்க வேண்டும். தலைப்பில் உள்ள 'திரும்பச் செய்தல்' என்பதன் பொருள் என் விரல்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

பேஸ் இப்படித் தரையைப் பிடித்துக்கொள்வதால்தான் டிராஸ்பரின் கிட்டாருக்கு அந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. மெட்டைச் சுமக்கும் கடமை அதற்கு இல்லை. ஒன்றோடொன்று இசையாத இரண்டு கம்பிகளை ஒலிக்கவிட்டுக் காத்திருக்கலாம். ஆம்பிளிஃபயரின் ஒலி மீண்டும் கம்பியையே அதிரவைத்து ஃபீட்பேக்காக எழும்வரை நிற்கலாம். தொடர்ந்து கொட்டும் இரைச்சலுக்குக் காது விரைவில் பழகிவிடும். இங்கே அது எப்போது வரும் என்று தெரியாததால் ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கிறது. ஸ்டீவ் ஃபிஸ்கின் ஒலிப்பதிவும் மூன்று கருவிகளையும் ஒன்றன்மேல் ஒன்று அப்பாமல், தனித்தனியே நிற்க இடம் விட்டிருக்கிறது. 'சென்சிபிள்' குரலே இல்லாத பாட்டு. கருவிகளையும் குரலையும் இடையிடையே நீக்கி எதிரொலி சேர்க்கும் ஜமைக்காவின் டப் இசையைக் கேட்டவர்களுக்கு அந்த இடைவெளிகள் எங்கிருந்து வந்தன என்பது புரியும். நல்ல ஹெட்ஃபோனில், இரவில், அதை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடற்காற்று எழுதியது:

நாலுகம்பி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதை நாய்ஸ் ராக் என்ற பெயரில் பரிந்துரைத்தால் கேட்பவர் ஏமாறுவார் என்று அஞ்சுகிறேன். அந்தப் பெயருக்கு முழுத் தகுதியுடையது 1994இன் 'நியூ பிளாஸ்டிக் ஐடியாஸ்'. 'ரிப்பிட்டிஷன்' போஸ்ட் பங்க் (பங்க் ராக்குக்குப் பின் அதிலிருந்து கிளைத்த வகை) இசைக்கு நெருக்கமாக, இன்னும் சிக்கனமாக, நகர்ந்துவிட்டது. 'லேடி எலெக்ட்' போன்ற நிதானமான பாட்டை இரைச்சல் என்று எப்படி அழைப்பது?

ரம்சி 2020இல் காலமானார். 2023இல் ஜாரெட் வாரன் பேஸ் வாசிக்க, குழு மீண்டும் மேடையேறியது. அதன்பின் இந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த நான்கு கம்பிகளை மட்டுமே என் காது தேடுகிறது.

செவிச்செல்வம் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நாலுகம்பி சொன்னபடி 'சென்சிபிள்' பாட்டை நேற்றிரவு கேட்டேன். இரண்டாம் முறை கேட்டபோதுதான் கிட்டார் எவ்வளவு நேரம் வாளாவிருக்கிறது என்பதைக் கவனித்தேன். கடற்காற்று எழுப்பிய பெயர்ச் சிக்கலுக்கு என்னிடம் விடை இல்லை; 'நியூ பிளாஸ்டிக் ஐடியாஸ்' தட்டை இந்த வாரம் கேட்டுவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.