குடும்பக் குழு: ஃபேன் ஓடுது, தூள் போகல

கார்த்தி: மாமா, முழிச்சிருக்கீங்களா? எங்க மரப் பட்டறையில தூள உறிஞ்சற மெஷின், டஸ்ட் கலெக்டர், இழுக்கவே மாட்டேங்குது. ஃபேன் ஓடுது, ஆனா ரம்பத்துக்கிட்ட நின்னா மூக்கெல்லாம் தூள். பெரிய மோட்டார் போடலாம்ங்கறார் சூப்பர்வைசர்.

செல்வம் மாமா: மோட்டார்ல கை வைக்காதீங்கடா. தூள வடிகட்டற துணிப் பைங்க, அந்த பேக் ஃபில்டர்ல, அழுத்த வித்தியாசம் காட்டற மீட்டர் இருக்குமே, எவ்ளோ காட்டுது?

கார்த்தி: 240 மி.மீ. தண்ணி அழுத்தம் மாமா

செல்வம் மாமா: பொதுவா 100, 150க்குள்ள நிக்கணும். பை அடைச்சுக்கிட்டு காத்து போக வழியில்லாம கெடக்கு. இதுல ஃபேன பெருசாக்கினா தூள் துணிக்குள்ள இன்னும் ஆழமா ஏறி உக்காரும்.

கார்த்தி: அப்ப எல்லாப் பையையும் புதுசா மாத்திடலாமா?

செல்வம் மாமா: அவசரப்படாத. பை மேல லேசா ஒரு தூசிப் படலம் இருந்தே ஆகணும், பொடித் தூசியப் பிடிக்கறதே அதுதான். அது தடிச்சுப் போனாதான் வம்பு. உதறி விடத்தான் மேல இருந்து வால்வுங்க வழியா பல்ஸ், அதாவது அழுத்தின காத்து விட்டு விட்டு அடிக்குது. காலைல வால்வுகிட்ட நின்னு காது குடுத்துக் கேளு. ஒவ்வொண்ணும் டப்புனு வெட்டின மாதிரி அடிக்கணும்.

கார்த்தி: காலைல வந்ததும் கேட்டுட்டேன் மாமா. ஒரு வால்வு அடிக்கவே இல்ல, ஸ்ஸ்ஸ்னு காத்து போயிட்டே இருக்கு. மத்ததும் சத்தமே இல்லாம சோர்ந்துதான் அடிக்குது.

செல்வம் மாமா: அதான். வால்வுக்குள்ள தொறந்து மூடற சவ்வு, டயஃபிரம், கிழிஞ்சிருக்கும். ஒண்ணு ஒழுகினா எல்லா வால்வுக்கும் காத்து குடுக்கற ஹெடர்ல அழுத்தம் ஏறாது, எல்லா வால்வும் சேந்து படுத்துடும்.

ரேவதி அக்கா: டேய், மாஸ்க் போடறியா?

கார்த்தி: கர்ச்சீஃப் கட்டிக்கறேன்க்கா

ரேவதி அக்கா: அது போதாதுடா. கண்ணுக்குத் தெரியற தூள் பெரும்பாலும் மூக்கு, தொண்டையோட நின்னுடும். 2.5 மைக்ரானுக்குக் கீழ உள்ளது நுரையீரலோட அடி வரைக்கும் இறங்கும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான், பாத்துக்கோ. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா வகைப்படுத்தியிருக்காங்க. என்95 வாங்கிப் போடு.

கார்த்தி: சரிக்கா, இன்னிக்கே வாங்கறேன்

செல்வம் மாமா: தூள உறிஞ்சற குழாயோட வாய், அந்த ஹூட், ரம்பத்துலேருந்து எவ்ளோ தள்ளி இருக்கு?

கார்த்தி: ஒரு அடி. குழாய் எட்டு இன்ச்.

செல்வம் மாமா: ரொம்ப தூரம். ஊதற காத்து தூரம் போகும், உறிஞ்சறது போகாது. குழாய் விட்டம் அளவு தள்ளினாலே வேகம் பத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். ரம்பத்த ஒட்டிக் கொண்டு வாங்க.

கார்த்தி: உத்தரத்துல படிஞ்சத ஏர் அடிச்சுதான் மாமா சுத்தம் பண்றோம்

செல்வம் மாமா: ஐயோ, அத இன்னியோட நிறுத்தச் சொல்லு! 2008ல அமெரிக்காவுல, ஜார்ஜியாவுல ஒரு சர்க்கரை ஆலையில 14 பேர் போனாங்க. மொத வெடிப்பு உலுக்கினதுல அங்கங்க படிஞ்ச சர்க்கரைத் தூசி கிளம்பி அடுத்தடுத்து வெடிச்சுது. மரத்தூளும் அதே ஜாதிதான். வாக்வம்ல எடுங்க, அதுவும் தீப்பொறி வராத வகையா பாத்து.

கார்த்தி: மேனேஜர்கிட்ட இப்பவே பேசறேன். மதியம் டயஃபிரம் மாத்தறோம்.

செல்வம் மாமா: ஃபேனையும் பல்ஸ் அடிக்க வைக்கற டைமரையும் ஆஃப் பண்ணி பூட்டு போடு. ஏர் லைன மூடி, ஹெடர்ல உள்ள காத்த முழுசா இறக்கிட்டுத்தான் ஸ்பானர் எடுக்கணும். மாத்தினப்புறம் மீட்டர போட்டோ எடுத்துப் போடு.