0.020-உம் 0.20-உம் ஒன்றல்ல: போட் இன்ஜின் இக்னிஷனுக்கு அளவுக் கருவி தேடிய அனுபவங்கள்

என்னிடம் ஒரு பழைய இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் மாட்டும் இன்ஜின்) இருக்கிறது. ஃப்ளைவீலுக்கு அடியில் பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் மேக்னெட்டோ வகை, அதாவது ஃப்ளைவீல் காந்தமே பொறிக்கு மின்சாரம் தரும். பாயிண்ட் என்பது திறக்கும் கணத்தில் பொறியைத் தூண்டும் சின்ன ஸ்விட்ச். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தது. பிளக் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன், மாற்றமில்லை. சரி என்று ஃப்ளைவீலைக் கழற்ற முடிவு பண்ணி சர்வீஸ் மேனுவலைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் "இந்த எண்ணுள்ள தனிக் கருவியைப் பயன்படுத்தவும்" என்று இருக்கிறது. ஜான்சன், எவின்ரூட் இன்ஜின்களைச் செய்த ஓஎம்சி 2000-லேயே திவாலாகிவிட்டது, எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தியும் 2020-இல் நின்றுபோனது. இப்படிப்பட்ட இன்ஜின்களின் தனிக் கருவிகளைப் பழைய சரக்காகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

முதல் தப்பு என்னுடையதுதான், மற்றவர்கள் செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பாயிண்ட் இடைவெளி 0.020 என்று மேனுவல் சொன்னது. என் கையில் இருந்த ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) 0.20 என்று பொறித்த தகடு இருந்தது, அதையே வைத்துவிட்டேன். மேனுவல் சொன்னது அங்குலம், என் தகடு மி.மீ. 0.020 அங்குலம் என்றால் 0.51 மி.மீ., நான் வைத்ததோ 0.008 அங்குலம்தான். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதால் சந்தேகமே வரவில்லை. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னுக்குப் போகும், திறக்கும்போதெல்லாம் முகத்தில் பொறி தாவித் தாவிக் கருகும். மறுபடி திறந்து பார்த்தபோது ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு ஒரு மேடு. அந்த நிலையில் தட்டையான தகடு மேட்டின் மேல்தான் உட்காரும், குழிக்குள் இருக்கும் இடைவெளி அதற்குத் தெரியாது, சரியான அளவில் வைத்தாலும் தப்பாகத்தான் வரும். புது பாயிண்ட் போட்டு 0.50 தகட்டை வைத்தேன்.

அப்புறம் பாயிண்ட் திறக்கும் கணத்தைக் கண்டுபிடிப்பது. தனிக் கருவி எதுவும் வேண்டாம், மல்டிமீட்டரின் பஸ்ஸர் போதும். ஆனால் காயிலின் பிரைமரி வயரைப் பாயிண்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். அந்தச் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, கழற்றாவிட்டால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் மீட்டர் கத்திக்கொண்டே இருக்கும். அரை நாள் இதிலேயே போனது எனக்கு.

கடைசியாக, நான் வாரக்கணக்கில் தேடிய டைமிங் கேஜ். பிளக் துளையில் திருகி பிஸ்டனின் மேல்நிலையைப் பார்க்கும் கருவி. மேனுவலில் இருந்த எண்ணை வைத்துத் தேடினால் எங்கும் இல்லை. பிறகுதான் படத்தை உற்றுப் பார்த்தேன். அது லேத் பட்டறையில் இருக்கும் சாதாரண 0.01 மி.மீ. டயல் கேஜ், கீழே ஒரு திருகு அடாப்டர், அவ்வளவுதான். அடாப்டரின் திருகு 14 மி.மீ., 1.25 பிட்ச், டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் பரவலாக வரும் அதே பிளக் திருகு. மோட்டார் சைக்கிள் கருவிகள் பக்கம் தேடியதும் கிடைத்துவிட்டது. உங்கள் பிளக்கின் திருகை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கருவியின் பெயரையும் எண்ணையும் விட, அது எதை அளக்கிறது என்று பார்த்துத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும். நீங்களும் இப்படி எதையாவது தேடி அலைந்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, என்னுடையது சிடிஐ இன்ஜின் (பாயிண்ட் இல்லாமல், கெபாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலுக்கு விடும் எலக்ட்ரானிக் வகை), எனக்குத் தலைவலி கொடுத்தது மீட்டர்தான். பொறியே இல்லை, ஸ்டேட்டர் (ஃப்ளைவீலுக்கு அடியில் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) வோல்ட்டேஜைப் பார்க்கலாம் என்று சாதாரண மல்டிமீட்டரை ஏசியில் வைத்துக் கிராங்க் பண்ணினேன். வந்த எண்ணைப் பார்த்து ஸ்டேட்டர் போய்விட்டது என்றே நினைத்தேன், ஆர்டர் போடும் நிலைக்குப் போய்விட்டேன். சிடிஐ வோல்ட்டேஜ் ஒரு துடிப்பாக எழுந்து உடனே விழுந்துவிடும், சாதாரண மீட்டரால் அந்த உச்சத்தைப் பிடிக்க முடியாது. மேனுவலில் டிவிஏ என்று போட்டிருந்தால் உச்ச வோல்ட்டேஜ் என்று அர்த்தம். அதற்கென்றே தனி மீட்டர் உண்டு, ஆனால் இருக்கிற மீட்டரில் செருகும் அடாப்டரே போதும். உள்ளே இருப்பது ஒரு டயோடும் ஒரு கெபாசிட்டரும், உச்சத்தைப் பிடித்து மீட்டர் படிக்கும்வரை வைத்திருக்கும். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 10 மெகா ஓம் மீட்டர் வழியாக மூன்றில் இரண்டு பங்கு வடியவே சுமார் 10 விநாடி எடுக்கும், எண்ணை நிதானமாகப் பார்க்கலாம். மீட்டரை டிசியில் வைக்க மறக்காதீர்கள். அடாப்டர் போட்டதும் ஸ்டேட்டர் மேனுவல் அளவுக்குச் சரியாக இருந்தது, பழுது இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் வயரில்.

ஒன்று முக்கியம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிராங்க் பண்ணும்போது பிளக் வயர்களை எர்த் பண்ணுங்கள், இல்லையென்றால் எர்த் பண்ணிய ஸ்பார்க் டெஸ்டரில் மாட்டுங்கள். வயர் அந்தரத்தில் தொங்கினால் காயில் சேதமாகலாம், திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வேறு வந்துகொண்டிருக்கும். இடைவெளி மாற்றக்கூடிய டெஸ்டர் வாங்குங்கள். பல சிடிஐ இன்ஜின்களுக்கு 7/16 அங்குலம், அதாவது சுமார் 11 மி.மீ. தாண்ட வேண்டும் என்று சொல்வார்கள். சின்ன இடைவெளியில் பலவீனமான காயிலும் பொறி காட்டிவிடும்.

*

ஃபீலர் கேஜ் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். பல்சர் காயிலுக்கும் (சிடிஐக்குப் பொறி விடும் நேரத்தைச் சொல்லும் சுருள்) ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே இடைவெளி பார்க்கும்போது எஃகுத் தகடு உதவாது. காந்தம் தகட்டை இழுத்து ஒட்டிக்கொள்ளும், இறுக்கமாக இருப்பதுபோல் கைக்குத் தெரியும், உண்மையில் இன்னும் இடம் இருக்கும். பித்தளைத் தகடுகளே தனியாகக் கிடைக்கின்றன, அதை வாங்கியபின்தான் எனக்கு ஒரே அளவு திரும்பத் திரும்ப வந்தது. எஃகுத் தகடுகளை எண்ணெய் தடவியே வையுங்கள், உப்புக் காற்றில் மெல்லிய தகடுகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

டயல் கேஜ் விஷயத்தில் ஒரு சேர்க்கை. பிளக் துளை சாய்வாக இருக்கும் இன்ஜினில் கேஜ் காட்டும் மி.மீ. பிஸ்டனின் உண்மையான நகர்வு அல்ல. தவிர, மேல்நிலைக்கு அருகே சில டிகிரிக்கு பிஸ்டன் ஏறக்குறைய அசைவதே இல்லை, முள் நின்றுவிடும், எது உச்சம் என்று கண்ணால் சொல்ல முடியாது. நான் இரண்டு பக்கமும் ஒரே எண் வரும் இடத்தை ஃப்ளைவீலில் குறித்து, நடுப்புள்ளியை எடுப்பேன். பின்னோக்கிச் சுற்றினால் கீழே தண்ணீர் பம்பின் இம்பெல்லர் இறக்கைகள் மடங்கும், அதனால் பம்போடு சேர்த்துக் கியர் கேஸ் கழற்றியிருக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்வேன்.

*

இரண்டு பேருக்கும் நன்றி. நடுப்புள்ளி முறையில் பார்த்தேன், ஃப்ளைவீல் குறி மேல்நிலையிலிருந்து விலகி நின்றது. மறுபடி கழற்றிப் பார்த்தால் ஃப்ளைவீல் சாவி (ஃப்ளைவீலைத் தண்டில் சரியான இடத்தில் பூட்டும் சின்ன உலோகத் துண்டு) ஒரு பக்கம் நசுங்கி, விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் படி விழுந்திருந்தது. புதுச் சாவி போட்டு, தண்டின் டேப்பரை (ஃப்ளைவீல் உட்காரும் கூம்பு முனை) எண்ணெயில்லாமல் துடைத்து, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) நட்டை முறுக்கியபின் குறி அதன் இடத்தில் வந்து நின்றது. இன்று ஒரு மணி நேரம் ஓட்டினேன், சூடான பிறகும் இரண்டு சிலிண்டரும் அடிக்கின்றன.