சனாதனன்: ஓவியரை ஆசிரியர் வேலை விழுங்கிவிட்டதா?

கொக்குவிலான்:
நேற்று நண்பர் வீட்டில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் தோம்பு புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். அப்போதிருந்து மனதில் கிடப்பதைக் கேட்டுவிடுகிறேன். டெல்லியில் நுண்கலை படித்து, அங்குள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்ற மனிதர். 2005 முதல் 2007 வரை ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முகன்னத் காதர் ஆகிய இலங்கை ஓவியர்களோடு தபாலில் படங்களை மாற்றி மாற்றி அனுப்பி வரைந்தார். ஒருவர் படத்துக்கு அடுத்தவர் படத்தாலேயே பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 208 படங்கள். அதில் அவர் கோட்டில் இருந்த வேகத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இப்படிப்பட்ட கை யாழ் பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தது. முழுநேர ஓவியராக இருந்திருந்தால் நமக்கு இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும்?

தூரிகை:
அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவள். அதனால் கொஞ்சம் சூடாகவே வருகிறேன்.

நீங்கள் புரட்டிய அந்தப் புத்தகம் எப்படி உருவானது? 2011இல் வந்தது. போரால் வீட்டை விட்டு வந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தைத் தங்கள் கையாலேயே கீறினார்கள். ஒவ்வொன்றையும் கட்டடக் கலைஞர் ஒழுங்கான வரைபடமாக்கினார். மூன்றாவதாக வருவதுதான் சனாதனனின் உலர் பாஸ்டல் ஓவியம். போர்த்துக்கீசர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை வைத்துக்கொண்டு, எந்தப் பதிவேட்டிலும் ஏறாததை அதில் ஏற்றியிருக்கிறார். பென்சில் பிடித்துப் பழகாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "கீறுங்கோ, பிழையானாலும் பரவாயில்லை" என்று பக்கத்தில் பொறுமையாக இருப்பது யாருடைய வேலை? ஆசிரியருடைய வேலை. முழுநேர ஓவியராக இருந்திருந்தால் அந்த 80 பேருக்குப் பதிலாக அவரே கீறியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகு அம்மாவிடம் ஒரு ஏ4 தாளைக் கொடுத்தேன். 95 ஒக்டோபரில் பூட்டிவிட்டு வந்த வீட்டைக் கீறச் சொன்னேன். வீட்டிலிருந்து தொடங்குவார் என்று பார்த்தால் முதலில் கிணற்றைப் போட்டார். பிறகு துலா, வாழைப்பாத்தி, அதிலிருந்து எத்தனை எட்டில் குசினி என்று வாய்க்குள் எண்ணி எண்ணிக் கீறினார். தலைவாசலுக்கு வரும்போது தாளில் இடம் இல்லை. இன்னொரு தாள் கேட்டார். படலையைக் கீறியபின் பென்சிலை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அந்த இரண்டு தாளும் இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன.

பனையோலை:
தங்கச்சி எழுதியதை வாசித்து மனம் கனத்துவிட்டது. ஆனாலும் எனக்கு வேறு சண்டை இருக்கிறது. கீறியது 80 பேர், அட்டையில் ஒரே பெயர். நம் சனத்தின் ஞாபகத்தை வாங்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. 2010இல் கனடாவின் வன்கூவர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் அங்குள்ள ஈழத்தமிழரின் பொருட்களை வைத்துச் செய்ததும் அதே வழிதான். படம் கீறிக்கொடுத்த கொடிகாமத்து ஆச்சி அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பார்ப்பாவா?

தூரிகை:
பனையோலை அண்ணா, நீங்கள் வன்கூவரிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் 2004இலிருந்து தொடங்குகிறேன். யாழ் பொது நூலகத்தில், 'அகம் புறம்' கண்காட்சியில், குடாநாட்டு வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிய சாமான்களை வைத்து ஒரு வேலை செய்தார்கள். 1981இல் எரிந்த அதே நூலகம். பொருளைக் கொடுத்தவர்கள் தங்கள் ஊரிலேயே, சைக்கிளில் வந்து பார்க்கக்கூடிய தூரத்தில். முதல் காட்சி ஊரிலேதான் நடந்தது, வெளிநாடு பிறகு வந்தது.

கொக்குவிலான்:
கொடுத்தவர்களை வைத்துச் செய்தது சரி. நான் கேட்டது அவருடைய கையைப் பற்றி. தோம்பில் அந்த மூன்றாவது பக்கம் வரும்போதெல்லாம் எனக்கு மூச்சு நிற்கிறது. மற்ற இரண்டும் தகவல், அதுதான் ஓவியம். அந்த மாதிரிப் பக்கங்கள் இன்னும் நூறு வேண்டும் என்று ஆசைப்படுவது பிழையா?

தூரிகை:
ஆசை பிழையில்லை அண்ணை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓவியம் படிப்பித்த ஓவியர் மாற்கு மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு கீறினார்! பெரும்பகுதி இடப்பெயர்விலும் போரிலும் போய்விட்டது. அவரிடம் படித்தவர்கள் மிஞ்சினார்கள். அவர்களால்தான் இன்று நாம் அவர் பெயரைச் சொல்கிறோம். இந்த மண்ணில் படத்தை விட மாணவருக்கு ஆயுள் கூட. அப்புறம், ஹனுஷா சோமசுந்தரத்தைப் பாருங்கள். மலையகத் தோட்டத்திலிருந்து யாழ் பல்கலைக்கழகத்துக்கு வந்து நுண்கலை படித்தவர். பாவித்த தேயிலைப் பைகளிலேயே தோட்டத்து வாழ்க்கையை வைத்தார். அப்படி ஒரு பிள்ளை வந்து சேர யாழ்ப்பாணத்தில் ஒரு துறை இருக்க வேண்டும், அதில் உலகத்தைப் பார்த்த ஆட்கள் நின்று படிப்பிக்க வேண்டும். "படம் கீறி என்ன செய்யப்போறாய்?" என்று கேட்கும் பெற்றோரை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன். அவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு துறை இருக்கிறது.

கொக்குவிலான்:
மாற்கு பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதே காரணத்தால்தான் எனக்கு அவசரம். போனது போகட்டும், இருக்கிறவர் கை இருக்கும்போதே கீறட்டும்.

பனையோலை:
என் கேள்வியை இரண்டு பேரும் தாண்டிப் போகிறீர்கள். அட்டையில் யார் பெயர்?

தூரிகை:
தாண்டவில்லை அண்ணா, யோசித்துக்கொண்டிருந்தேன். முழுக்கப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த 80 தாளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது ஒருவருக்கு, அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று நினைக்கிறேன். வரும் தவணையில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் அப்பம்மாவை, அம்மம்மாவைக் கொண்டு பழைய வீட்டைக் கீறி வாங்கி வரச் சொல்லப்போகிறேன். எல்லார் பெயரையும் போடுகிறேன்.

பனையோலை:
போடுங்கள். முதலில் ஆச்சி பெயர், பிறகு பிள்ளை பெயர். ஆசிரியர் பெயர் கடைசியில். அந்த ஒழுங்கில் போட்டால் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.